சுமதி செய்த போர்டு

நானும் மனைவி சுமதியும் ஒரே கம்பெனியில் ஹார்டுவேர் டிசைனர்கள். ஒளியிழை வழியாக இன்டர்நெட் அனுப்பும் கருவிகளுக்கு சர்க்யூட் போர்டு வடிவமைக்கிறோம். புதிய கருவிக்கு ஆளுக்கொன்று வடிவமைத்தோம். அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். வாழ்த்தினேன், வயிறு எரிந்தது.

அந்த வாரம் குத்தாலத்தில் மாமனார் வீட்டில் விருந்து. போனதும் வேலை எப்படி என்று அவர் என்னிடம் கேட்டபோது, "போர்டை எடுத்துக்கிட்டாங்க" என்றேன், யாருடையது என்று சொல்லாமல். "மாப்பிள்ளை செஞ்ச போர்டைத்தான் எடுத்திருக்காங்களாம்!" என்று உறவினர்களிடம் அவர் பெருமையாகச் சொன்னார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சுமதியின் கை நின்றது. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அந்தப் பொய் எனக்கு இனித்தது. ஒரு வாய் சாப்பிட்டேன். குனிந்து பரிமாறும் சுமதியைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"என்னோடதை வேணாம்னுட்டாங்க மாமா. அது உங்க பொண்ணு செஞ்சது."

"ஏம்மா, நீ சொல்லவே இல்லியே?"

"நீங்க அவரைத்தானே கேட்டீங்க, அப்பா."

மாமனார் மகளையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை மீதும் எனக்குப் பொறாமைதான். பொறாமை தீர்ந்தால்தான் நியாயமாகப் பேச முடியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.