வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கான்

மலையகத்தில் பெரகலை ஊருக்கு மேலே, தேயிலை மலை ஓரத்தில், இருபது புது வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகானும் போட்டுக் கொடுத்தவள் நான். வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் யாரும் பின்பக்கம் போய்க் கானைப் பார்ப்பதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தவள் என்பதால், கான் வெட்டத் தோட்டத்து ஆட்களையே வைக்க வேண்டும் என்று வேலையை எடுத்த கொந்தராத்துக்காரரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். அவர் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் போதும் என்றார். அந்தச் சரிவில் பெக்கோ ஏறட்டும் பார்க்கலாம் என்றேன். ஆறு பேர் வந்தார்கள். வீடுகளுக்குப் பின்னால், மண்மேட்டின் அடியில், நூல் பிடித்தாற்போல் வெட்டி முடித்தார்கள். முழு நீளமும் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி வீடு கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு. மண்சரிவில் கூடப்பிறந்த தங்கையைப் பறிகொடுத்தவர். எல்லாரும் குடிவந்த பிறகும் அவர் சாவியை வாங்கவில்லை.

"வீடு நல்லாத்தாங்க மிஸ் இருக்கு. ஒரு பெரிய மழை பேயட்டும். மேலேருந்து வர்ற தண்ணி எங்க போகுதுன்னு பாத்துட்டுத்தான் புள்ளைங்கள கூட்டிட்டு வருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கானை நம்பவில்லையே என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குடையோடு ஓடிப் போய்ப் பார்த்தால், கானில் தண்ணீர் ஓடவில்லை. குட்டை குட்டையாக நின்று மேட்டின் அடியை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

தேயிலை மலையில் கான் வெட்டும்போது, சில அடிக்கு ஒரு முறை குறுக்கே ஒரு மண் திட்டை வெட்டாமல் விடுவார்கள். தண்ணீர் அங்கே தேங்கினால் மண் கரைந்து போகாது, செடிக்கும் ஈரம் கிடைக்கும். கைப்பழக்கத்தில் இங்கேயும் அப்படியே விட்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? பிறந்ததிலிருந்து அப்படிப்பட்ட கானையே பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளியூரில் பிறந்த ஒருவர் என்றால் இந்தத் திட்டு எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேடு சரிந்துவிடலாம் என்று அதை ஒட்டிய வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மழை விட்டதும் அந்த ஆறு பேரையும் அழைத்துப் பிழை என்னுடையது என்றேன். மூத்தவர் கானை ஒரு தடவை பார்த்தார். "தேயில மலைன்னு நெனச்சே வெட்டிட்டோமுங்க," என்றார். கீழ் முனையிலிருந்து ஒவ்வொரு திட்டாக வெட்டி எறிந்தோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். பிறகு சரிவு பார்த்து, அடியில் கல் பதித்து, கீழே ஓடும் ஓடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. அக்கா தலையில் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு வந்தார். செம்மண் தண்ணீர் கானில் நுரைத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓடையில் விழும் இடம் வரைக்கும் அதன் கூடவே நடந்து போனார். திரும்பி வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க மிஸ்."

பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். எத்தனையோ வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெருமை என்றால் என்ன என்று அந்த மழையில்தான் தெரிந்தது. அக்கா கதவைத் திறந்து, பின்பக்க ஜன்னலையும் திறந்து வைத்தார்.