என்னையும் கைது செய்யுங்கள்

மறியல் என்று முடிவான நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கைதாகிவிடுவேனே என்ற பயம். பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் பயம். வானம் இருட்டினால் பயம். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவர் வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமானால் குரோம்பேட்டையில் ஏதோ ஆகிவிட்டது என்று நானே ஒரு விபத்தைக் கற்பனை செய்து, அதற்கு அழுதும் முடித்திருப்பேன். அப்புறம் அவர் வந்து சாப்பாடு கேட்பார்.

அதனால் மறியலுக்கு ஒரு பை தயார் செய்தேன். மாத்திரை, துண்டு, ஒரு நைட்டி, கொசுவத்தி, காலில் மாட்டும் காலிப்பருக்கு மாற்று பெல்ட். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். என் மாதிரி ஆட்களுக்கு வெளியே போவதென்றால் முதல் கேள்வி கழிப்பறைதான். அதை யாரும் மேடையில் பேசுவதில்லை, நாங்கள் மட்டும் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மே, ஜெயிலுக்கா, ஊட்டிக்கா? தலகாணி வெக்கல?"

எதற்காக மறியல் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு காலும் சின்ன வயசிலேயே போலியோவில் போய்விட்டது. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒன்பதாவது வகுப்பு மாடியில் இருந்தது, அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தையல் கற்றுக்கொண்டேன். செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெரு ஒன்றில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் நேராகக் கடைக்குள்ளேயே போய், மெஷின் பக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து நாற்காலிக்கு மாறிக்கொள்வேன். அப்படித்தான் பல வருஷம் ஓடியது. பிறகு தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். வடிகால் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், ஒவ்வொரு மழைக்கும் துணி நனையாமல் காப்பாற்றுவது பெரிய பாடாக இருந்தது. ஆனால் அதன் மேல் மூடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. என் கடை உள்ளே, நான் வெளியே. தெருவில் வண்டியில் உட்கார்ந்தபடியே அளவெடுத்தேன். தைப்பதற்கு யாராவது என்னைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். வாசலில் ஒரு சாய்தளம் போட்டால் தீர்ந்தது.

அதைக் கேட்பதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர் கூட்டம், மாதத்துக்கு ஒரு தடவை. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கூட்டம் நடப்பது முதல் மாடியில். லிஃப்ட் என்று எழுதிய கதவு ஒன்று உண்டு, உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் கீழே மரத்தடியில் நிற்போம். நடக்க முடிந்தவர்கள் எங்கள் மனுவையும் சேர்த்து மேலே கொண்டுபோவார்கள். என் மனு மூன்று முறை மேலே போனது. மூன்று முறையும் குறை தீர்க்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா எங்கள் சங்கத்தின் தலைவி. இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்து நடப்பவர். என்னிடம் ஜாக்கெட் தைக்க வந்துதான் பழக்கம். ஜாக்கெட்டில் குறை சொல்லவே மாட்டார், மற்ற எல்லாவற்றிலும் சொல்வார். கூட்டத்தைக் கீழே கொண்டு வா என்று நாலு விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அலுவலக வாசலில் மறியல் என்று அவர்தான் அறிவித்தார்.

அன்றைக்கு என் பையைப் பார்த்ததும், "அந்தமானுக்கா அனுப்புறாங்க உன்னை?" என்றார். "கல்யாண மண்டபத்துல உட்கார வெப்பாங்க. தக்காளி சாதம் குடுப்பாங்க. சாயங்காலம் விட்டுடுவாங்க. நான் எத்தனை மண்டபம் பார்த்திருக்கேன், என் கல்யாணமே கோயில்லதான் நடந்துச்சு."

வாசலை மறித்து உட்கார்ந்தோம். கோஷம் போட்டோம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் இறங்கினார். கோபக்காரர் இல்லை, களைத்த முகம். கலைந்து போங்கள் என்றார். மாட்டோம் என்றார் அக்கா. அப்படியென்றால் கைது என்றார் அவர். இரண்டு பேருக்கும் மனப்பாடமான வசனம் போலிருந்தது.

அப்புறம்தான் எல்லாருக்கும் வேனின் படி கண்ணில் பட்டது. என் இடுப்பு உயரம் இருக்கும். அக்காவை இரண்டு பெண் போலீஸ் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். மற்றவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகத் தூக்கினார்கள். என்னிடம் வந்தார்கள். நான் கொஞ்சம் கனம். ஒருமுறை முயன்றார்கள், மறுபடி என் ஸ்கூட்டரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. உங்க பேரை எழுதல."

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு கணம் மனசு துள்ளியது. ஒரு வாரமாக எதற்குத் தூங்காமல் கிடந்தேனோ அது தானாக விலகிப் போகிறது. வேனின் ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. போ, பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைச் சுட்டது. மரத்தடியில் நிற்கிறபோது, மேலே போகிறவர்களும் இப்படித்தான் எனக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

"மேடம்," என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "மாடி ஏற முடியலன்னு கூட்டத்துல என்னை விட்டுட்டாங்க. வேன்ல ஏற முடியலன்னு நீங்களும் விட்டா எப்படி? நானும்தான் மறிச்சேன். என்னையும் கைது பண்ணுங்க."

"கைதுன்னா பரிசாம்மா, கேட்டு வாங்க?"

"எனக்குப் படி இல்லாத வேன் கொண்டாங்க. இல்லன்னா எந்த மண்டபம்னு சொல்லுங்க, நானே வந்து கைதாகிக்கிறேன்."

வேனுக்குள் சிரிப்புச் சத்தம். இன்ஸ்பெக்டருக்கும் உதடு அசைந்தது, அடக்கிக்கொண்டார். "பின்னாடியே வாங்க. ஹெல்மெட் போட்டுக்கங்க," என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் வேனுக்குப் பின்னால் நான் போனதை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கெத்தாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. ஹெல்மெட் பட்டை சரியாக மாட்டவில்லை, இடது பக்கச் சக்கரம் கிறீச்சிட்டது, லைசென்ஸ் வீட்டில் இருக்கிறதா பையில் இருக்கிறதா என்று ஒரே கவலை. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, போலீஸ் வண்டிய நீ தொரத்திகினு போற?"

"என்னை அரெஸ்ட் பண்ணிட்டாங்கண்ணா."

அவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கரீட்டாதான் போற. போ போ," என்று வழி விட்டார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டது. ஸ்டாண்டில் செய்தி பரவுகிற வேகம் அப்படி.

மண்டபத்துக்கு முன்னால் பளபளவென்று கிரானைட் படிக்கட்டு. மறுபடியும் எல்லாரையும் தூக்கினார்கள். நான் கீழே நின்றேன். மண்டப மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்து என் வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். ரொம்ப நேரம் சொறிந்தார்.

"அண்டா உருட்டுற வழி ஒண்ணு பின்னாடி கீதும்மா. சரிவாத்தான் போட்டு வெச்சுக்கீறோம். ஆனா சமையக்கட்டு உள்ளாற பூந்து வரணும். பரவால்லியா?"

"அண்டாவுக்குப் பரவால்லன்னா எனக்கும் பரவால்லண்ணா."

நல்ல சாய்தளம் அது. அளவான ஏற்றம், வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறிவிட்ட சிமெண்ட். சாம்பாருக்காக யாரோ அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சமையலறை வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வண்டியோடு நுழைந்தேன். அங்கேதான் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். கைதட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து பெயர், கணவர் பெயர், வயது எழுதிக்கொண்டார். என் பெயரை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னேன்.

தக்காளி சாதம் இல்லை, எலுமிச்சை சாதம். அக்காவுக்கு அதில் வருத்தம்.

மூன்று மணி இருக்கும், வாசலில் பூக்கூடைகளும் இரும்புச் சட்டங்களுமாக ஒரு லாரி வந்து நின்றது. மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். அன்று சாயங்காலம் அங்கே கல்யாண வரவேற்பு. காலையில் போலீஸ் கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார், தேதியைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்களிடம் வந்தார். "எல்லாரும் விடுதலை. கிளம்பலாம்."

"இன்னும் ஆறு மணி ஆகலையே மேடம்," என்றார் அக்கா. "மாடியில கூட்டம் நடத்துறாரே, அந்த அதிகாரி இங்க வந்து பதில் சொல்லட்டும். நாங்க கிளம்பறோம்."

எனக்கு வேறு கவலை. யாரோ ஒரு பெண் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டால்? "அக்கா, பொண்ணு வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்களுக்கு இடத்தை விட்டுடுவோம்."

"விட்டுட்டு?"

"வாசல்ல வண்டி நிறுத்துற இடத்துல உட்காருவோம். அங்க படி இல்ல. வர்றவங்க யாரும் நம்மைத் தாண்டாம உள்ள போக முடியாது. ஏன் உட்கார்ந்திருக்கீங்கன்னு கேப்பாங்க. சொல்வோம்."

அக்கா ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டார். "பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேன் உன்னை," என்றார்.

"பயந்துகிட்டுதான்க்கா சொல்றேன்."

வரவேற்புக்கு வருகிறவர்களிடம் எங்கள் கதையைச் சொல்லப்போகிறோம் என்றதும் இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். என்ன பேசினாரோ தெரியாது. நாங்கள் வாசலுக்கு மாறி, வாழைமரம் கட்டுகிறவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்து அதிக நேரம் ஆகவில்லை, அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மேல மீட்டிங் ஹால்ல ஏசி இருக்கு, மைக் இருக்கு. உங்க வசதிக்குத்தான் அங்க வெச்சோம்," என்றார்.

"நாங்க மேல வந்தாதானே சார் அது எங்க வசதி?" என்றார் அக்கா.

"கீழ எங்கம்மா இடம்?"

"உங்க ஆபீஸ்ல ஜீப்பு நிக்குமே, அந்த ஷெட்டு."

அவர் ஜீப்பைப் பார்த்தார். வாழைமரத்தைப் பார்த்தார். முதல் விருந்தாளிகள் பட்டுப்புடவையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். "சரி, அடுத்த மாசம் ஷெட்டுல வெக்கிறேன்," என்றார். அக்கா உடனே சாட்சிக்கு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "நானும் கேட்டுட்டேன். கிளம்புங்க," என்றார் அவர்.

அடுத்த மாதம் ஷெட்டில் கூட்டம் நடந்தது. மின்விசிறி இல்லை, என்ஜின் ஆயில் நாற்றம். நாங்கள் வண்டியிலும் நாற்காலியிலுமாக நேராக உள்ளே போனோம். மேலே எத்தனையோ மாதமாக நடந்த கூட்டத்தை அன்றைக்குத்தான் பலர் முதன்முதலாகப் பார்த்தோம். என் முறை வருவதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பெயரைக் கூப்பிட்டதும் பாதி மறந்துவிட்டது.

அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்தார். "உங்க குறைதான் முடிஞ்சிடுச்சேம்மா. மூடியில ஓட்டை அடைச்சாச்சுன்னு இருக்கு."

அப்போதுதான் விளங்கியது. மூன்று முறையும் மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். வடிகால் மூடி என்றதும் ஓட்டை என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல வேண்டிய ஆள் மரத்தடியில் நின்றிருந்தாள்.

"ஓட்டை இல்ல சார், உயரம். வண்டி ஏறாது."

"ஸ்கூட்டர்தானே? ஒரு பலகை போட்டுக்கலாமே."

"பலகைல ஒரு சக்கரம் ஏறும் சார். எனக்குப் பின்னாடி மூணு சேர்ந்து ஏறணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு அகலம் வரும்?"

இந்த ஒரு கேள்வியை இத்தனை நாளில் யாருமே என்னிடம் கேட்டதில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சந்தேகம் வந்தது, இன்னும் கொஞ்சம் விரித்தேன். தப்பாகச் சொல்லி அவர்கள் குறுகலாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது.

"கையால வேணாம் சார். வண்டி இங்கயே இருக்கு. வந்து பாருங்க," என்றேன்.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கூட வந்த இன்ஜினியர் குனிந்து ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறு பக்கச் சக்கரத்துக்கு டேப் பிடித்தார். நான் ஹேண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அவர் வாசித்த எண்ணை அதிகாரி எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

"திரும்பறதுக்கும் இடம் விடணும் சார்," என்றேன். "அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்.