ஜெனரலைத் திருப்பியனுப்பிய தெரு

லெப்டினன்ட் ஜெனரல் ஏகாம்பரத்தின் உடலை, அவர் பிறந்த ஊரின் பெரிய தெருவுக்குள் விடவில்லை. தேசியக்கொடி போர்த்திய உடல். ராணுவ வண்டியைத் தெருமுனையில் மறித்து ஏரிக்கரைப் பாதையில் திருப்பிவிட்டார்கள். இதை முதலில் எழுதாமல் அவரைப் பற்றி வேறு எதையும் எழுத எனக்கு மனமில்லை.

அதே காலனியில் அவருக்கு மூத்தவனாக வளர்ந்தவன் நான். செய்தி வந்தபோது திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அவர் மனைவி மங்களம் போனில் பேசினார். "அண்ணா, அவரு போய்ட்டாருங்க. ஊருக்கே எடுத்துக்கினு போகச் சொன்னாரு. பெரிய தெரு வழியாதான் போகணுமாம்." எங்கள் ஊர் கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம். காலனிக்காரர் பிணம் பெரிய தெருவில் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை உடைப்பதுதான் அவருடைய கடைசி ஆசை.

அதிகாரியாகி முதல் விடுப்பில் வந்தபோது, ட்ரங்குப் பெட்டியோடு அந்தத் தெருவில் நடந்தார். "என்னடா ஏகாம்பரம், மிலிட்டிரியில சமையலா?" என்றார் ஒரு நிலக்காரர். "சமைக்கிறவரு எனக்கு சல்யூட் அடிக்கிறாருங்க" என்றார் இவர். கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாக, அந்த வருஷம் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கூலிவேலைக்கு இவர் அப்பா பெரியானை யாரும் கூப்பிடவில்லை. அப்பா இருந்தவரைக்கும் ஏகாம்பரம் ஏரிக்கரையிலேயே வந்து போனார். நான் திட்டுவேன். "உனக்குக் கோவம் வரும்ணா. எங்கப்பாவுக்குப் பசி வரும்" என்பார்.

கர்னலாக எல்லையில் இருந்தபோது, பனி சரியக்கூடிய மலைச்சரிவில் ஆட்களை அனுப்பும்படி மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார். இவர் உத்தரவை எழுத்தில் கேட்டார். எழுத்து வரவில்லை; இவர் ஆட்களை அனுப்பவில்லை. மறுநாள் அங்கே பனி இடிந்து இறங்கியது. ஆட்கள் பிழைத்தார்கள், இவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. "கையெழுத்துப் போடப் பயப்படுகிறவன் கொடுப்பது உத்தரவே இல்லை" என்பார்.

உடல் வந்த அன்று தெருமுனையில் இருபது பேர் குறுக்கே நின்றார்கள். "மிலிட்டிரியில பெரியாளா இருக்கட்டும். இங்க அவன் பெரியான் புள்ளதான்" என்றார் ஒருவர். வீரர்கள் துப்பாக்கியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் என்னிடம் ஓடிவந்தார்.

"பெரியவரே, இந்த ஒரு தரம் சுத்திப் போயிடுங்க."

"எழுதிக் கொடுங்க, போறோம்."

"வெயில் ஏறுது. பாடிய வெச்சிக்கினு பேஜாரு பண்ணாதீங்க, ஜல்தி."

கூட்டத்தில் ஒருவன் கல்லைக் கையில் எடுத்தான். மங்களம் இறங்கிவந்து என் கையைப் பிடித்தார். "அவரு மேல கல்லு பட வேணாண்ணா. திருப்பச் சொல்லுங்க."

நான்தான் சொன்னேன். வண்டி திரும்பியது. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முப்பதாம் நாள் அவர் படம் பெரிய தெரு வழியாகப் போகும். அது பொதுச்சாலை என்று தெருமுனையில் பலகை வைக்கவேண்டியது மாவட்ட நிர்வாகம். கல்லை எடுத்தவன்மேல் வழக்குப் போடவேண்டியது காவல்துறை. வண்டியைத் திருப்பச்சொன்ன அதிகாரி படத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். ஏகாம்பரத்தின் கீழ் வேலை பார்த்தவர்கள் விழுப்புரத்திலிருந்தாலும் வேறெங்கிருந்தாலும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வர வேண்டும். தெருக்காரர்கள் ஒன்றும் செய்யவேண்டாம்; ஒதுங்கி நின்றால் போதும். படத்தை நான் தூக்குவேன். நடுவழியில் நான் விழுந்துவிட்டால், என்னையும் அந்தத் தெரு வழியாகவே எடுத்துப் போங்கள்.