நாற்பத்தேழு பை இரத்தம்

கண்டியில் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது விலாசம் எழுத வேண்டிய இடத்தில் 'மஹய்யாவ' என்று துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பின் பெயரை எழுதினால், எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறும். மாநகரசபையின் துப்புரவுப் பகுதியில் வேலை பார்த்த சுவக்கினின் மகள் மரியகொறற்றிக்கு இது பதினெட்டு வயதிலிருந்தே பழகிப்போன சங்கதி. அதற்காக அவள் விலாசத்தை மாற்றி எழுதியதும் இல்லை, சண்டைக்குப் போனதும் இல்லை. கான்வென்டில் படித்தாள், மூன்று மொழிகளில் தட்டச்சுப் பழகினாள், நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் சட்டத்தரணிகளுக்குக் காணி உறுதிகளும் மனுக்களும் அடித்துக் கொடுத்து வந்தாள். கம்ப்யூட்டர் ஊருக்கு வந்ததும் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டாள். 1997ஆம் ஆண்டு, அவளுக்கு முப்பத்தைந்து வயதானபோது, இரத்தப் பாதுகாப்பு பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் தரவு பதியும் வேலை கிடைத்தது.

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு வாடகை வீட்டில்தான் அந்தத் திட்டத்தின் கந்தோர் இருந்தது. பொறுப்பாக இருந்தவர் டொக்டர் விமலசூரிய. ஆய்வின் நோக்கம் நல்ல நோக்கம். தன் இரத்தத்தில் நோய் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர் இரத்ததான முகாமில் நாலு பேர் முன்னிலையில் அதைச் சொல்ல வெட்கப்படுவார். சிநேகிதர்களோடு வந்தவர் பேசாமல் கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிடுவார். அதனால் கொடுத்து முடிந்த பிறகு ஒவ்வொருவரையும் தனியே ஒரு மறைவுக்குள் அனுப்பி, கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். தன் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று நினைப்பவர் அதில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டு, உறையில் இட்டு ஒட்டித் தர வேண்டும். அந்தப் பையை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். இந்த முறையால் நோயாளருக்குப் பாதுகாப்புக் கூடுகிறதா என்பதைத்தான் ஆராய்ந்தார்கள்.

உறைகளைப் பிரித்து, புள்ளடி இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று என்று பட்டியலில் எழுதுவது பக்கத்து அறையில் இருந்த இரண்டு சிங்களப் பெண்களின் வேலை. பட்டியல் மட்டுமே மரியகொறற்றியிடம் வரும். அட்டையை அவள் கண்ணால் கண்டதில்லை.

கண்டியில் நடந்த முகாம்களில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ புள்ளடிதான் விழுந்தது. அடுத்த வருடம் மே மாதம் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முகாம் வைத்தார்கள். திட்டம் தமிழ்ப் பகுதிக்குப் போனது அதுவே முதல் தடவை. ஐம்பத்தெட்டுப் பேர் இரத்தம் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் நாற்பத்தேழு பேருக்கு நேரே இரண்டு என்று இருந்தது.

டொக்டர் வந்து அவள் கதிரைக்குப் பின்னால் நின்றார். "திரும்பப் பாருங்க மிஸ்," என்றார் சிங்களத்தில். அவள் திரும்பவும் பார்த்தாள். நாற்பத்தேழுதான்.

டொக்டருக்கு அதில் கவலையைவிட உற்சாகமே அதிகம் தெரிந்தது. இப்படி ஒரு முடிவு ஆய்வுக்காரருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. நாற்பத்தேழு பைகளையும் பரிசோதித்ததில் ஒன்றில்கூடக் கிருமி அகப்படவில்லை. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. தொற்றிய ஆரம்ப நாட்களில் கிருமி பரிசோதனையில் பிடிபடாது, அதனால்தானே இந்த அட்டையே தேவைப்படுகிறது என்றார். கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்களிடம், "தோட்டத்து ஆட்கள் வாயால் சொல்லாததை அட்டையில் சொல்லிவிட்டார்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

மரியகொறற்றிக்கு முகம் சுட்டது. அன்றைக்கு அவளுக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். இந்தத் தோட்டத்துச் சனங்கள் இப்படி ஒழுங்கில்லாமல் நடந்து நம் எல்லோருடைய பெயரையும் கெடுக்கிறார்களே என்று நினைத்தாள். டவுனில் வளர்ந்தவளுக்கு அதை நம்புவது கஷ்டமாகவும் இருக்கவில்லை. பின்னாளில் டொக்டரை மன்னித்தாலும் மன்னிப்பாளே தவிர, அந்த ஒரு நினைப்புக்காகத் தன்னை அவள் மன்னிக்கவே இல்லை.

அதே வாரம் கண்டியில் இரத்தத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. வானொலியில் அறிவித்தல் போனது. இரத்த வங்கி வாசலில் நோயாளரின் சொந்தக்காரர்கள் நின்று போகிறவர் வருகிறவரைக் கெஞ்சினார்கள். விதிப்படி அந்த நாற்பத்தேழு பைகளையும் எரிக்க அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை அடித்ததும் மரியகொறற்றிதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கந்தோர் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் சுந்தரலிங்கம், தோட்டத்துக் கோயில் வாலிபர் சங்கத்தின் செயலாளர், முகாமை ஒழுங்கு செய்தவர். கூட வந்தவள் பேச்சியம்மா, முப்பது வயது மதிக்கத்தக்க கொழுந்து பறிக்கும் பெண். கையில் ஒரு கடிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தாள். உள்ளே வேறு யாருக்கும் தமிழ் தெரியாததால் மொழிபெயர்க்க மரியகொறற்றியைக் கூப்பிட்டார்கள்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. 'உங்கள் இரத்தம் பாவனைக்கு எடுக்கப்படவில்லை. ஆலோசனைக்கு வரவும்.' நாற்பத்தேழு பேருக்கும் போயிருந்தது.

"எங்க லயத்து வீடுகள்ல யாருக்கும் சரியா வாசிக்கத் தெரியல," என்றார் சுந்தரலிங்கம். "தோட்டத்துக் கந்தோர்ல கிளாக்கர்கிட்டக் குடுத்தோம். அவரு தபால் வாங்க நின்ன எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிச்சிட்டாரு. ரத்தம் சரியில்லையாம், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்கன்னு."

"அதோட முடிஞ்சிச்சு மிஸ்," என்றாள் பேச்சியம்மா. குரல் உயரவில்லை. "மாமியா எனக்குத் தனிப் பீங்கான் தட்டு வச்சிட்டாங்க. புள்ளயத் தூக்க விட மாட்டேங்கிறாங்க. வீட்டுக்காரரு எங்கூடப் பேசி மூணு வாரமாச்சு. எனக்கு என்ன நோய்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

டொக்டர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். "அட்டையில் ஏன் அடையாளம் போட்டாள் என்று கேளுங்கள்," என்றார்.

மரியகொறற்றி கேட்டாள்.

"குடுக்கணும்னுதான் போட்டேன்," என்றாள் பேச்சியம்மா.

"யாருக்குக் குடுக்கணும்?"

"நோயாளிக்குத்தான். அதுல அப்படித்தானே எழுதியிருந்திச்சு. நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன் மிஸ், எழுத்துக்கூட்டி வாசிச்சுத்தான் போட்டேன். எலக்சனுக்குப் போடுற மாதிரி."

மரியகொறற்றி அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். "நேரில் கேட்டால் இப்படித்தான் மறுப்பார்கள்," என்றார்.

"அந்த அட்டைய நான் பார்க்கணும் டொக்டர்."

"அது இரகசியம்."

"அவங்க போட்ட அட்டைய அவங்களுக்குக் காட்டலாம்தானே?"

டொக்டர் அதை எடுத்துவரச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து அட்டை வந்தது. ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். சிங்களத்தில், 'எனது இரத்தத்தை நோயாளருக்கு ஏற்ற வேண்டாம் எனில் கீழே புள்ளடியிடவும்' என்ற பொருளில் சரியாக இருந்தது. அவள் அட்டையைத் திருப்பினாள்.

'எனது இரத்தத்தை நோயாளருக்கு ஏற்ற வேண்டும் எனில் கீழே புள்ளடியிடவும்.'

'டா' இருக்க வேண்டிய இடத்தில் 'டு'. ஓர் எழுத்து. கட்டத்துக்குள் பென்சிலை அழுத்திப் பேச்சியம்மா போட்ட புள்ளடி அட்டையின் மறுபக்கம் வரைக்கும் தடம் பதித்திருந்தது.

மரியகொறற்றி இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அந்த இரண்டு பேருக்கும் தமிழிலும், டொக்டருக்குச் சிங்களத்திலும் விளக்கிச் சொன்னாள். சுந்தரலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். பேச்சியம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் அதைக் கேட்டுச் சற்றுத் திகைத்தார், ஆனால் சீக்கிரமே தேறிக்கொண்டார். "அச்சகத்தில் நடந்த பிழை. கம்போஸ் பண்ணினவனுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த தடவை அடிக்கும்போது திருத்திவிடலாம்."

"நான் இங்க இருந்தேனே," என்றாள் மரியகொறற்றி. "எட்டு மாசமா இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். ஒரு வரி. ஒரு நிமிஷ வேலை. இதை வாசிச்சுப் பாருன்னு யாருமே என்கிட்டக் கேக்கலையே."

"நீங்கள் தரவு பதிகிறவர்தானே, மிஸ்."

"சரி, பதிஞ்சதையே சொல்றேன். ஐம்பத்தெட்டுல நாற்பத்தேழு போக, புள்ளடி போடாதவங்க பதினொரு பேர். அவங்க ரத்தத்தை ஏத்திட்டீங்க. என் ரத்தம் வேணாம்னு நினைச்ச ஒரு ஆள் அந்த அட்டைய வாசிச்சா என்ன செஞ்சிருப்பார்? புள்ளடி போடாம விட்டிருப்பார். குடுக்க நினைச்சவங்களோடத எரிச்சிட்டு, குடுக்க வேணாம்னு நினைச்சவரோடத யாருக்காவது ஏத்தியிருக்கீங்களான்னு உங்களுக்குத் தெரியுமா?"

டொக்டரின் முகம் அப்போதுதான் வெளுத்தது.

அந்தப் பதினொரு பேருக்கும் மறுநாளே வாகனம் போனது. எல்லோரையும் கூட்டி வந்து திரும்பவும் பரிசோதித்தார்கள். நல்ல காலம், ஒருவருக்கும் எதுவும் இல்லை. பாதிப் பேர் வாசிக்கத் தெரியாமல் சும்மா விட்டவர்கள். மீதிப் பேருக்கு அவசரம். கந்தோர் பெருமூச்சு விட்டது. ஆனால் நாற்பத்தேழு பேருக்கு வாகனமும் போகவில்லை, கடிதமும் போகவில்லை. மரியகொறற்றி அன்று பின்னேரமே தமிழில் ஒரு கடிதம் அடித்து, நாற்பத்தேழு பிரதி எடுத்து மேசையில் வைத்தாள். 'பிழை எங்களுடையது. உங்கள் இரத்தத்தில் குறை இல்லை. மன்னிக்கவும்.' இவ்வளவுதான் அதில் இருந்தது. ஆய்வின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார் டொக்டர். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கடிதங்கள் மேசையிலேயே கிடந்தன.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயப் பூசைக்குப் போகவில்லை. புசல்லாவை பஸ்ஸில் ஏறினாள். சுந்தரலிங்கம் சொல்லி வைத்திருந்ததால் கோயில் முற்றத்தில் கூட்டம் நின்றது. அவள் வெற்று அட்டை ஒன்றைக் கையில் பிடித்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கந்தோரின் பிழையைச் சொன்னாள். தானும் அவர்களைப் பற்றித் தப்பாக நினைத்ததைச் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனாலும் சொன்னாள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "நீங்க சொல்றது சரிங்க மிஸ். ஆனா அவங்க வந்து சொல்லலையே?"

பேச்சியம்மாவின் மாமியார் வேலாயியும் கூட்டத்தில் இருந்தாள். "கடுதாசி கவர்மெண்டு கடுதாசி. நீங்க வாயால சொல்றீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனதாகச் சொல்லி, மாத முடிவில் மரியகொறற்றியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நாற்பத்தேழு பேருடைய சங்கதியைக் கிளாக்கர் கையில் கிடைக்கும்படி தபாலில் அனுப்பியவர்களுக்கு அப்போதுதான் இரகசியம் நினைவு வந்தது. அவள் தன் பழைய அறைக்கே திரும்பிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வின் இடைக்கால அறிக்கை வந்தது. பக்கத்து அறையில் இருந்த பெண்களில் ஒருத்தி அதன் பிரதியை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டத்துக் கணக்கை நீக்கியிருந்தார்கள். அடியில் சிறிய எழுத்தில் காரணமும் இருந்தது: 'பதிலளித்தவர்களின் மொழிச் சிரமம்.'

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் போல முன்னும் பின்னும் வந்ததில்லை. எழுத்துக்கூட்டி, உள்ளபடி வாசித்து, உள்ளபடி பதில் போட்டவர்களுக்கா மொழிச் சிரமம்? சட்டத்தரணிகளின் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று மொழியிலும் முறைப்பாடு அடித்தாள். ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழுவுக்கு ஒன்று, பணம் கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்று. பதில் வராதபோது திரும்பவும் அனுப்பினாள். மூன்றாவது தடவை, பதினொரு பைகளின் கதையை முதல் பந்தியிலேயே வைத்தாள். அதற்குப் பதில் வந்தது.

அறிக்கையில் அந்த வரி திருத்தப்பட்டது: 'அட்டையின் தமிழ்ப் பகுதியில் இருந்த அச்சுப் பிழை.' நாற்பத்தேழு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் போனது, முகாம் நடந்து ஒன்பதாவது மாதம். அதுவும் முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் தயாரானது. சுந்தரலிங்கம் அதை வாங்க மறுத்த பிறகு, மரியகொறற்றி அன்றைக்கு அடித்து வைத்த தமிழ்க் கடிதத்தையே தேடியெடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் சின்னமுத்து என்ற ஒருவர் இறந்துபோயிருந்தார். பாலத்தில் வழுக்கி விழுந்த சாவு. ஆனாலும் லயத்தில், ரத்தம் கெட்டவர் என்றே பேசிக்கொண்டார்களாம். அவருடைய கடிதத்தை மகள் கையெழுத்து வைத்து வாங்கினாள்.

வேலாயி கடிதத்தில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்தபிறகுதான் நம்பினாள். மருமகளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கொடுத்தாள், அவ்வளவுதான். புருஷன் பேசத் தொடங்கியதற்கு இன்னும் சில நாள் பிடித்தது.

அடுத்த வருடம் அதே தோட்டத்தில் திரும்பவும் முகாம் வைத்தார்கள். சுந்தரலிங்கம் கூப்பிட்டதால் மரியகொறற்றியும் போனாள். வரிசையில் முதலாவதாகப் பேச்சியம்மா நின்றாள். இரத்தம் கொடுப்பதற்கு முன்பே அட்டையைக் கேட்டாள். கொடுத்து முடிந்த பிறகுதான் தருவோம் என்றாள் தாதி. "அப்ப நான் குடுக்கல," என்றாள் பேச்சியம்மா. தாதி அட்டையைக் கொடுத்தாள். பேச்சியம்மா வரிசைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். 'வேண்டாம்' வந்ததும் நிறுத்தி, திரும்பவும் ஒரு முறை வாசித்தாள்.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தாள்.

அன்றைக்குப் பத்தொன்பது பேர்தான் இரத்தம் கொடுத்தார்கள். வராதவர்களை மரியகொறற்றி ஒருபோதும் குறை சொன்னதில்லை.