மக்களாக இருந்த ஞாயிறுகள்

அவசரநிலைக் காலத்தில் என் கணவருக்கும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் பேசாமலும் இருக்க முடியவில்லை, பேசவும் பயம். மாநில ஆட்சியைக் கலைத்த பிறகு, டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கக்கூட ஆட்கள் யோசித்தார்கள். என் கணவர் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். ஒரு நண்பர் வக்கீல். இன்னொருவர் பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம், கல்லூரியில் விரிவுரையாளர். அவரை எல்லோரும் நயினார் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நாவல் எழுதுவது. மலையடிவாரத்தில் ஒரு கற்பனைக் கிராமம். அதை முதலில் ஒரு குலத்தலைவன் ஆள்வான், அப்புறம் அரசன், அப்புறம் ஊர்ச்சபை, அப்புறம் வெள்ளைக்காரன், கடைசியில் சமத்துவம் வரும். அரசியல் சிந்தனையின் சரித்திரம் முழுவதையும் அந்த ஒரே கிராமத்தை வைத்துச் சொல்லிவிடுவதாகத் திட்டம். யாராவது கேட்டால் கதை எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் ஞாயிறு மதியம் கூடுவார்கள். அரசன், மந்திரி, துறவி என்று ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்தந்த ஆளாகவே வாதம் செய்வார்கள். நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட், சுருக்கெழுத்தும் தெரியும். அதனால் பேசுவதை எழுதிக்கொள்வது என் வேலை. காபி போடுவதும்தான்; அதற்குச் சுருக்கெழுத்து தேவைப்படவில்லை. நயினார் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார், பொழுதோடு ஊர் போய்ச் சேர வேண்டும். எந்த ஆட்சியாக இருந்தாலும் நாலரை மணிக்குள் கவிழ்ந்தாக வேண்டும்.

சில வாரம் போன பிறகுதான் வக்கீலுக்கு உறைத்தது: கிராமத்தில் ஆளுகிறவர்கள்தான் இருக்கிறார்கள், ஆளப்படுவதற்கு ஒருத்தரும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்க மக்களா இருந்துடுங்க தங்கச்சி" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அரசன் தர்மத்தைப் பற்றி நீளமாகப் பேசி முடித்ததும், ஏரி மதகு உடைந்து இரண்டு போகம் போய்விட்டதே, அதை யார் கட்டுவது என்று மக்களாகக் கேட்டேன். நயினார் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்து மக்களுக்கு அரசனைக் கேள்வி கேட்கும் பிரக்ஞையே கிடையாது, அந்தக் கட்டத்துக்குச் சரித்திரம் இன்னும் வரவில்லை என்று விளக்கினார். நான் கேட்டதை நோட்டில் நானே கோடு போட்டு அடித்தேன். ஊர்ச்சபை வந்தது, சபையில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இடம், மக்கள் காத்திருக்கட்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் வந்தான், மக்களுக்கு முதலில் விழிப்பு வர வேண்டும் என்றார்கள். எனக்கு விழிப்பில்லை என்று அவர்கள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேலூர் கலெக்டர் ஆபீசில் உதவியாளர். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலூரில் என் சித்தி வீடு இருந்தது, சனிக்கிழமை பஸ் ஏறினால் வந்துவிடலாம். எங்களுக்கு அப்போது குழந்தையும் இல்லை. என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். தினமும் கேட்டேன். தினமும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமத்துவம் வந்தது. என் கணவர்தான் தோழர்களின் தலைவர். ஆள்பவன், ஆளப்படுபவன் என்ற பேச்சே இனி இல்லை என்று அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப மக்கள் பேசலாம்" என்றார்.

பென்சிலைக் கீழே வைத்தேன். "நான் வேலூருக்குப் போறேன். புதன்கிழமை போய்ச் சேரணும். தலைவர் சரின்னு சொல்லணும்" என்றேன்.

வக்கீல் இருமினார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் வேடத்தை விடவில்லை. தனி ஆள் முடிவெடுப்பது பழைய ஆட்சிகளின் வழக்கம், இங்கே எதையும் சபைதான் தீர்மானிக்கும் என்றார். உடனே விவாதம் ஆரம்பித்துவிட்டது. தனிமனித உரிமை பெரிதா, கூட்டு நலன் பெரிதா? வக்கீல் எனக்காக நன்றாகவே வாதாடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். யார் யாரையோ மேற்கோள் காட்டினார்கள். மணி நாலரை ஆனது. நயினார் செருப்பைத் தேடிக்கொண்டே, "நல்ல பாயிண்ட்டுங்க இது. அவசரப்பட்டு முடிக்க வேணாம், அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றார். மூன்று பேரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக ஒத்திவைத்தாகிவிட்டது. மக்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. போகக்கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

புதன்கிழமை, பதவி உயர்வு வேண்டாம் என்று நானே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காரணம், குடும்பச் சூழ்நிலை. எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவருக்கு அது போனது. அவர் ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தார், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் நாவல் புத்தகமாக வந்தது, என் கணவர் பெயரில். கடைசி அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு சாதாரணப் பெண் சபையில் எழுந்து நின்று கேட்கும் இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறதாம். அச்சுக்கு அனுப்ப அந்தப் பக்கங்களை டைப் அடித்ததும் நான்தான். அதில் தலைவர் தன் இடத்தைவிட்டு எழுந்து அவளருகே வருகிறார். பிறகு, இதற்கு நீ யாரையும் கேட்க வேண்டியதில்லையே அம்மா, போய் வா என்கிறார். அவள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.