கவாத்துச் செடியில் கை வைத்த நாள்

பச்சைத் தேயிலை விலை சரிந்து கிடந்த வருஷம். உங்கள் அம்மா பனியன் கம்பெனி வேலைக்காக உங்களையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். மலையில், நம் ஊர் ஜெகதளாவில் நானும் நம் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டமும்தான் மிச்சம்.

சிறு விவசாயிகளுக்கு யோசனை சொல்ல அப்போது ஓர் ஆபீசர் வருவார். வயசான செடியின் கிளைகளை ஒட்ட வெட்டி, கவாத்து பண்ணிவிட்டால் தரமான துளிர் வரும், அதற்கு பேக்டரியில் கூடுதல் விலை கிடைக்கும் என்றார். மாதக்கணக்கில் இலை இல்லாமல் இருக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் ஒத்துக்கொண்டேன். தோட்டம் தேறினால் ஜூன் மாதம் உங்களை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று எனக்கு எண்ணம்.

வெட்டிய பிறகு, ஆபீசர் ஒரு குச்சியில் கோடு போட்டுத் தந்தார். துளிர் அந்தக் கோட்டைத் தாண்டும்வரை கை வைக்கக் கூடாது.

இலை இல்லாதவனுக்கு இலை நிறுக்கும் கொட்டகையில் என்ன வேலை? சாயங்காலம் ஊர்ப்பேச்சு முழுக்க அங்கேதான். இரண்டு நாள் சும்மா போய் நின்றேன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. அப்புறம் போகவில்லை. மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் கடையில் உப்புக் கேட்க வாயைத் திறந்தால் தொண்டை கம்மியது. மூன்று நாளாக நான் யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குத் துளிர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. பறித்தேன். ஒரு வரிசையோடு நிறுத்த நினைத்தேன், சாக்கு நிறையவில்லை. எல்லாவற்றையும் பறித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு மட்டும் வெறும் கட்டையிலயே இலை முளைக்குதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ டீ வாங்கித் தந்தார்கள். இலை வண்டி போய், கடைசி ஆள் கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.

அடுத்த வாரம் நம் தோட்டத்தைக் காட்டுவதற்காக ஆபீசர் நாலைந்து விவசாயிகளை அழைத்து வந்தார். செடியைப் பார்த்தார். அவர்களிடம் வேறு எதையோ பேசி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னும் மூணு வாரம் பொறுத்திருக்கலாமேங்க. பணமுடைங்களா?"

"ஆமாங்க" என்றேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

முன்னாலேயே பறித்ததால், பரவி எழ வேண்டிய செடி குட்டையாகவே நின்றுவிட்டது; கூடுதல் விலைக்கான துளிரும் வரவில்லை. ஜூன் மாதமும் வந்தது. விலை ஏறவில்லை, பிள்ளைகளை இந்த வருஷமும் அங்கேயே சேர்த்துவிடு என்று உங்கள் அம்மாவுக்கு எழுதினேன். விலை ஏறாதது நிஜம்தான். ஆனால் நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனதை எழுதவில்லை. நீங்கள் என்னை விட்டு இன்னொரு வருஷம் அங்கே இருந்தது அதனால்தான்.