எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

நேற்று தச்சர் புதுக் கதவைச் சாய்த்து வைத்து, தாழ்ப்பாள் எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டார். மரத்தூள் வாசனையில் என் கை தானாக இடுப்புக்கும் கீழே போயிற்று.

சுதந்திரம் வந்த புதிதில், மைசூர் அக்ரஹாரத்தில் அப்பாவின் தங்கை ரங்கம்மா அத்தை தனியாகக் குடியிருந்த ஒற்றை அறையில் எல்லாமே அந்த உயரம்தான். பிறவியிலேயே கால் விளங்காத அத்தை, புடவை தரையில் சரசரக்கக் கைகளை ஊன்றி நகர்வாள். காபிப்பொடி டப்பா, கண்ணாடி, பெருமாள் படம் எல்லாம் அவள் கைக்கு எட்டும்படி தாழ்ந்திருக்க, ஐந்து வயதில் எனக்கும் எல்லாம் எட்டிய ஒரே வீடு அது. அங்கே நான் யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“நம்மாத்துக்கே வந்துடேன்” என்று அப்பா வாராவாரம் கெஞ்சுவார்.

“அங்கே தாழ்ப்பாள் எனக்கு எட்டுமோ, அண்ணா?” என்பாள் அத்தை.

ஒரு தசராவுக்கு அப்பா எங்கள் வீட்டு அறைக்கதவில் தாழ்வாக ஒன்று பொருத்தினார். அத்தை வந்தாள்; உள்ளே போய்த் தாழிட்டாள், திறந்தாள். “நன்னா இருக்கு” என்றாள். மறுநாளே தன் அறைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அத்தை காலமான பிறகும், ஒவ்வொரு தசராவுக்கும் அப்பா எங்கள் வீட்டு அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.